தண்ணீர் திறக்கும் தேதியும் தள்ளுபடி போர்டும்

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகிற பஸ், வலங்கைமான், ஆலங்குடி தாண்டி நீடாமங்கலம் வந்ததும் பெரும்பாலும் நின்றுவிடும். ரயில்வே கேட் போட்டிருப்பார்கள். தஞ்சாவூர்–திருவாரூர் ரயில் பாதை அங்கே சாலையின் குறுக்கே போகிறது. பயணிகள் ரயில் என்றால் சட்டென்று கடந்துவிடும். நெல் ஏற்றிய சரக்கு ரயிலின் பெட்டிகளை முன்னும் பின்னும் இழுத்துச் சேர்க்கிற நாளாக இருந்தால் ரொம்ப நேரம் ஆகும். சுற்றுவட்டாரத்தில் கொள்முதல் செய்த நெல், அரவைக்காக இங்கிருந்து வெளி மாவட்டங்களுக்குப் போகிறது. ஒரு ரயிலுக்கு 42 பெட்டி, சுமார் 2,000 டன்.

போன தை மாதம் அப்படி ஒரு நாள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். வேர்க்கடலைப் பொட்டலம் விற்பவர் முன் படியில் ஏறிப் பின் படியில் இறங்கினார். எனக்கு ஜன்னலோர இருக்கை. வெளியே தெரிந்த போர்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரு ஜவுளிக்கடை. இரண்டு நகைக்கடை. ஒரு நகைக் கடன் கம்பெனி. ஒரு கல்யாண ஃபிளெக்ஸ். அப்புறம் ஒரு மனைப்பிரிவு, குழந்தைப்பேறு மருத்துவமனை ஒன்று, சிங்கப்பூர் வேலைக்குப் பயிற்சி தரும் நிலையம் ஒன்று, ஒரு பள்ளிக்கூடம். மொத்தம் ஒன்பது. நெல் என்ற சொல் ஒன்றிலும் இல்லை. எதிரே நெல் மூட்டைகளோடு ரயில் நகர்ந்துகொண்டிருந்தது.

இருபது வருடமாக இந்தப் பாதையில் போய் வருகிறேன். இந்தக் காவிரி டெல்டாவில் விளம்பரம் எப்போது வருகிறது, எதற்கு வருகிறது என்பதை ஓரளவு கவனித்திருக்கிறேன். அந்த ஒன்பதில் முதல் ஐந்தும் நெல் விற்ற பணத்தின் பின்னால் வந்தவை. கடைசி நான்கும் அப்படி வந்தவை இல்லை. இந்த ஐந்துக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

மேட்டூர் அணையிலிருந்து டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. அணையில் தண்ணீர் இருந்தால் அன்று திறப்பார்கள். சில நாளில் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். குறுவை என்கிற குறுகிய கால நெல்லுக்கு விதை விடுவது அதைப் பொறுத்தது. குறுவை புரட்டாசி, ஐப்பசியில் அறுவடையாகும். நீண்ட காலப் பயிரான சம்பாவும், குறுவை அறுத்த வயலில் நடுகிற தாளடியும் தை, மாசியில். ஆக வருடத்தில் இரண்டு முறை கையில் பணம் வரும்: தீபாவளியை ஒட்டி ஒரு தடவை, பொங்கலுக்குப் பிறகு ஒரு தடவை. நடுவில் உள்ள மாதங்களில் பணம் வயலுக்குள் இருக்கும். உழவுக் கூலி, விதை, உரம், நடவு ஆள், களை என்று இறங்கிக்கொண்டே இருக்கும்.

கடைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு விவசாயிகளைவிடவும் நன்றாகத் தெரியும். 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் ஜூன் 12-ல் தண்ணீர் திறக்கவில்லை. 2017-ல் அக்டோபர் வரை போய்விட்டது. அந்த வருடங்களில் தீபாவளிக்குக் கும்பகோணம் கடைத்தெருவில் நடந்தவர்களுக்கு நினைவிருக்கும், கூட்டம் இருக்கும், கையில் பை இருக்காது. போர்டு வைத்து என்ன பயன்? ஆற்றுப் பாசனத்தை நம்பியிருந்தவர்களுக்குக் குறுவையே இல்லையே. பம்புசெட் வைத்திருந்தவர்கள் மட்டும் கொஞ்சம் நட்டார்கள். 2020-ல் மறுபடி ஜூன் 12 திரும்பி வந்தது. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. இந்தத் தேதிகளை வைத்து அந்தந்த வருட தீபாவளி வியாபாரம் எப்படிப் போயிருக்கும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லிவிடுவார்கள்.

இங்கே ஆடித் தள்ளுபடியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் துணி விற்காது, அதனால் தள்ளுபடி என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் காரணம். சரிதான். ஆனால் டெல்டாவில் அதற்கு அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது. ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, குறுவைக்குக் களை எடுத்து உரம் போட வேண்டும், சம்பாவுக்கு நாற்றங்கால் தயார் செய்ய வேண்டும். வீட்டில் இருக்கிற கடைசி ஆயிரம் ரூபாயும் அப்போது மண்ணுக்குப் போகும். அப்படிப்பட்ட மாதத்தில் ஒருவரை ஜவுளிக்கடைப் படி ஏற வைக்க வேண்டுமென்றால் பாதி விலை என்று பெரிதாக எழுதித்தான் ஆக வேண்டும். தை மாதத்தில் அதே கடை விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாது. பட்டுப் புடவை கட்டிய பெண்ணின் படமும் கடையின் பெயரும் இருந்தால் போதும், ஆட்கள் தாமாக வருவார்கள். போர்டில் விலை பெரிதாக இருந்தால் ஊரில் பணம் இல்லை, முகம் பெரிதாக இருந்தால் பணம் இருக்கிறது. இது நான் வைத்திருக்கும் ஒரு அளவுகோல், பெரும்பாலும் தப்புவதில்லை.

நகைக் கடன் போர்டும் நகைக்கடை போர்டும் இதே தாளத்தில் இடம் மாறிக்கொள்ளும். ஆனி, ஆடி, ஆவணியில் "கிராமுக்கு அதிகத் தொகை" என்பது முன்னால் நிற்கும். நடவுச் செலவுக்கு வீட்டுப் பெண்களின் கழுத்திலிருந்தும் காதிலிருந்தும் இறங்குகிற நகை அங்கேதான் போகிறது. என் அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி ஒவ்வொரு வருடமும் ஆனியில் போய் மாசியில் திரும்பும். சில வருடம் திரும்பாது, வட்டி மட்டும் கட்டிவிட்டு வருவார் அப்பா. மாசி பிறந்துவிட்டால் "செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை" போர்டுகள் வந்துவிடும். சங்கிலியை மீட்டவர்கள் ஒரு மோதிரமாவது வாங்குவார்களா என்று அவை கேட்டுக்கொண்டு நிற்கும். இரண்டு போர்டும் ஒரே தெருவில், சில இடங்களில் ஒரே கட்டடத்தின் கீழும் மேலும் இருக்கும்.

அறுவடைக்கென்று தனி விளம்பரம் உண்டு, ஆனால் வெளியூர்க்காரர் கண்ணில் அது படாது. ஏ4 தாளில் அச்சடித்து மின்கம்பத்திலும் டீக்கடைத் தூணிலும் ஒட்டியிருப்பார்கள்: "நெல் அறுவடை இயந்திரம் வாடகைக்கு, பெல்ட் வண்டி, டயர் வண்டி", கீழே இரண்டு செல்போன் எண். சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து வண்டிகளும் ஆட்களும் வந்து இறங்குவார்கள். மழை பெய்து வயல் சேறாக இருந்தால் பெல்ட் வண்டிதான் இறங்க முடியும், வாடகையும் அதற்கு அதிகம். பெல்ட் வண்டி என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுத் தாள் ஒட்டியிருந்தால், பின்மழை பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

அறுத்த நெல் நேரே டிபிசிக்குப் போகும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை யாரும் முழுப் பெயரில் சொல்வதில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் குவிண்டாலுக்குச் சாதா ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய் என்று கொள்முதல் விலை வைத்தார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. எடை போட்டு மூட்டை தைத்த பிறகு பணம் வங்கிக் கணக்குக்கு வரும். செல்போனில் மெசேஜ் வருகிற அந்த நாளுக்காகத்தான் நீடாமங்கலம் கேட்டில் அந்த ஐந்து போர்டும் காத்திருக்கின்றன. கல்யாண ஃபிளெக்ஸும் அதில் சேர்ந்ததுதான். சம்பா அறுத்து விற்ற பிறகு தை, மாசி, பங்குனியில் முகூர்த்தம் குறிப்பது டெல்டாவின் பழைய வழக்கம்.

ஃபிளெக்ஸுக்கு முன்னால் சுவர்தான். என் சித்தப்பா ஒருவர் சுவர் விளம்பரம் எழுதியவர். பள்ளி விடுமுறையில் அவருக்கு எடுபிடியாகப் போயிருக்கிறேன். சைக்கிள் கேரியரில் வார்னிஷ் டின்கள், ஹேண்டில்பாரில் பிரஷ் பை. முதலில் ஊருக்குள் போய்ச் சுவரைப் பார்ப்பார். பஸ் எந்தப் பக்கமிருந்து வரும், எங்கே வேகம் குறையும், வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்றெல்லாம் பார்த்த பிறகுதான் வீட்டுக்காரரிடம் பேசுவார். வாடகை கிடையாது. சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்துத் தருவோம், அதுதான் ஒப்பந்தம். "அப்படியே திண்ணைத் தூணுக்கும் ஒரு கை அடிச்சுருங்க தம்பி" என்று வீட்டம்மா கேட்பார். அதையும் செய்துவிடுவார்.

சுண்ணாம்பு காய்ந்ததும் நீலப்பொடியில் தோய்த்த நூலை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து இழுப்போம். அவர் நடுவில் நூலைச் சுண்டுவார். சுவரில் நேர்கோடு விழும். மேல்கோடு, கீழ்கோடு, நடுவில் எழுத்தின் வயிறு. சாக்கட்டியால் எழுத்தின் வெளிவரை. அப்புறம் தட்டை பிரஷில் மஞ்சள், அதன் ஓரத்தில் கறுப்பு நிழல். சிமெண்டு, பம்புசெட், பூச்சி மருந்து, பிவிசி பைப், விதை நெல், இவைதான் அவருக்கு வந்த வேலைகள். "ழ" போடும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். வேலை முடிந்ததும் எதிர்ப்பக்கம் போய் நின்று, ஒரு பஸ் கடக்கிற நேரத்துக்குள் முழுவதும் படிக்க முடிகிறதா என்று என்னைப் படிக்கச் சொல்வார்.

அப்படி எழுதிய சுவர் ஐந்தாறு வருடம் இருக்கும். இதனால் ஒரு காரியம் நடந்தது, அதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. விளம்பரம் ஊரின் அடையாளமாகிவிட்டது. வலங்கைமானுக்கு முன்னால் ஒரு இடத்தை எங்கள் பக்கத்துக்காரர்கள் பம்புசெட் சுவர் என்றே சொல்வார்கள். போன வருடம்கூட டவுன் பஸ்ஸில் ஒரு பாட்டி கண்டக்டரிடம், "பம்புசெட்டு செவுத்துகிட்ட நிறுத்து தம்பி" என்றார். கண்டக்டர் வயதில் சின்னவர். "எந்தச் செவுரு ஆயா?" என்று கேட்டார். பஸ்ஸில் இருந்த நாலு பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அந்தச் சுவரில் எழுத்து அழிந்து பல வருடமாகிறது. ஃபிளெக்ஸை அப்படி யாரும் வழிக்கு அடையாளமாகச் சொல்லிக் கேட்டதில்லை. திங்கட்கிழமை இருப்பது வியாழக்கிழமை இல்லாமல் போனால் அதை வைத்து எப்படி வழி சொல்வது?

சித்தப்பாவின் தொழிலை ஃபிளெக்ஸ் ஒரு சில வருடத்தில் முடித்துவிட்டது. சதுர அடிக் கணக்கில் விலை, ஒரு மணி நேரத்தில் அச்சு, புகைப்படம் அப்படியே வரும். அவர் கடைசியாக எழுதியது ஒரு பள்ளிக்கூடச் சுவரில் திருக்குறள்.

இந்தப் பேனர்களின் தீங்கைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பொது இடங்களை விளம்பரத்தால் அலங்கோலமாக்குவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன ஒரு இளம்பெண் லாரியில் சிக்கி இறந்த பிறகு கொஞ்ச காலம் சாலைகள் வெறிச்சென்று இருந்தன. அப்புறம் மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிட்டன. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று வீட்டு விசேஷங்களும் துக்கங்களும் இப்போது சாலைக்கு வந்து நிற்கின்றன. வளைவில் எதிரே வருகிற வண்டியை மறைக்கிற பேனரைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அதில் சிரிக்கிற குழந்தையின் முகம் அந்த ஆத்திரத்தைக் குறைப்பதில்லை.

ஆனால் டெல்டாவில் ஃபிளெக்ஸுக்கு இரண்டாவது வாழ்க்கை ஒன்று உண்டு. விழா முடிந்த மறுநாள் காலை யாராவது கழற்றி மடித்து எடுத்துப் போய்விடுவார்கள். அது பாலியஸ்டர் நூல் வலையின் மேல் பிவிசி பூசிய துணி, லேசில் கிழியாது, தண்ணீர் இறங்காது. வைக்கோல் போர் மேல், மாட்டுக் கொட்டகைக் கூரையில், கழிவறைக்கு மறைப்பாக. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்த பிறகு, ஓடு பறந்த, கீற்று பறந்த எத்தனையோ வீடுகளின் தலைக்கு மேல் மாதக்கணக்கில் இருந்தது இந்தத் துணிதான். 2025 ஐப்பசி மழையில் டிபிசி வாசல்களில் குறுவை நெல் மலையாகத் தேங்கி, சில இடங்களில் முளைவிட்டுக் கிடந்தது. எங்கள் ஊர் டிபிசியில் தார்ப்பாய் போதவில்லை. ஒரு குவியலின் மேல் கல்யாண ஃபிளெக்ஸைக் குப்புறப் போட்டு, ஓரங்களில் செங்கல் வைத்திருந்தார்கள். மழை விட்டதும் அந்தக் குவியலுக்குச் சொந்தக்காரப் பெண்மணி அதைத் தூக்கி, உள்ளே கையை விட்டு நெல்லை அள்ளி, ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார். சூடேறியிருக்கிறதா, ஈரம் எவ்வளவு என்று பார்க்கிறார். அப்புறம் மறுபடி மூடினார்.

காதுக்கான விளம்பரத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏரி குத்தகை ஏலம், கோயில் கூட்டம், ஆற்றில் தண்ணீர் வரப்போகும் எச்சரிக்கை எல்லாம் முன்பு தண்டோராவில் வரும். பறையோடு தெருத்தெருவாக அனுப்பப்பட்டவர்கள் ஒரே சாதிக்காரர்கள், அவர்கள் மறுக்க முடியாத வேலையாகவும் அது இருந்தது. 2022 ஆகஸ்டில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி, ஒலிபெருக்கி கட்டிய வண்டிகளைப் பயன்படுத்தச் சொல்லி அரசு அறிவுறுத்தியது. செய்ய வேண்டியதை ரொம்பத் தாமதமாகச் செய்தார்கள். இப்போது ஆட்டோவில் பதிவு செய்த குரல் வருகிறது: கருவாடு, வெங்காயம், பழைய இரும்பு, தலைமுடி.

பஸ்ஸுக்கு வருவோம். 1972-ல் சோழன் போக்குவரத்துக் கழகம் என்று தொடங்கியதுதான் இன்றைய கும்பகோணம் கோட்டம். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னும் அது சோழன் பஸ்தான். பஸ் முதுகில் விளம்பரம் அப்போதிருந்தே உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆன பிறகு பஸ்ஸின் உள்பக்கமும் மாறியிருக்கிறது. மகளிர் குழுக் கடன், தையல் வகுப்பு, அழகு நிலையம், மருந்துக்கடை என்று சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் பெண்கள் இருக்கைக்கு மேலே வரிசையாக ஒட்டியிருக்கின்றன. முன்பெல்லாம் டவுனுக்குப் போவதென்றால் வீட்டில் நாலு வேலையைச் சேர்த்து ஒரே நாளில் போவார்கள். இப்போது ஒரு ஜாக்கெட் துணிக்கு மேட்சிங் பார்க்கவும் போய் வருகிறார்கள். பெண்கள் தாங்களாகக் கடைக்குப் போய், தாங்களாக விலை கேட்பது கூடியிருக்கிறது. எனக்கு இது பெரிய மாற்றமாகத் தெரிகிறது.

டெல்டாவின் ஊர்ப் பெயர்களே வெளியே விளம்பரமாக நிற்பது இன்னொரு விஷயம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் எத்தனை கும்பகோணம் டிகிரி காபி போர்டுகள் என்று எண்ணிப் பார்க்கலாம். டிகிரி என்பதற்கு இரண்டு விளக்கம் உண்டு. லாக்டோமீட்டரை விட்டுப் பாலின் டிகிரி பார்த்து, தண்ணீர் கலக்காத பசும்பாலில் போட்டது என்பது ஒன்று. சிக்கரி என்ற சொல் மருவியது என்பது இன்னொன்று. எங்கள் ஊர்க்காரர்கள் முதல் விளக்கத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள், நானும் அப்படித்தான். அந்தப் போர்டு விற்பது பித்தளை டபராவையும் ஊர்ப் பெயரையும். பாலை அவரவர் ஊரில் வாங்கிக்கொள்கிறார்கள். இதைவிட எனக்குப் பெருமையான பெயர் ஏடிடி. விதை மூட்டையில் ஏடிடி 36, ஏடிடி 43 என்று இருக்கிற அந்த எழுத்துகள் ஆடுதுறையைக் குறிப்பவை. 1922-லிருந்து அங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆடுதுறை எங்கே என்று தெரியாதவர்களும் அந்தப் பெயரை விதைக்கிறார்கள்.

சரி, மீதி நான்கு போர்டுகள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, சிங்கப்பூர், மனை. இவை ஆடியிலும் இருக்கும், தையிலும் இருக்கும். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் ஜூலை 28-ல் திறந்தாலும் இவற்றுக்கு ஒன்றுதான். தண்ணீர்த் தேதியைக் கவனிக்காத முதல் விளம்பரங்கள் இவைதான் என்பது என் கணிப்பு. காரணம், இவை பின்தொடர்கிற பணம் வேறு வழியில் வருகிறது. கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்று சொல்வது நேற்றுத் தொடங்கியதில்லை. கடல் கடந்து போகிற வழக்கம் முத்துப்பேட்டையிலும் அதிராம்பட்டினத்திலும் தலைமுறை தலைமுறையாக உண்டு. ஆனால் முன்பு சில ஊர்களோடு நின்றிருந்த பழக்கம் இப்போது வேளாண்மைக் கிராமங்களுக்கும் வந்துவிட்டது. எட்டு வருடம் குறுவைக்கு ஆற்றுத் தண்ணீர் வராத காலத்தில் பள்ளி முடித்த பையன்கள் வேறென்ன செய்வார்கள்? வெல்டிங்கும் பைப் ஃபிட்டிங்கும் கற்றுக்கொண்டு போனார்கள். அவர்கள் மாதாமாதம் அனுப்புகிற பணத்தில்தான் ஆங்கிலப் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடக்கின்றன. நடவுக்கும் அந்தப் பணத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். என் அம்மாவின் சங்கிலி இப்போது ஆனியில் அடகுக்குப் போவதில்லை. தம்பி அபுதாபியில் இருக்கிறான்.

மனைப்பிரிவு போர்டுதான் எனக்குத் தாங்காதது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது. மறு வருடம் வரன்முறை விதிகள் வந்தன. அதன் பிறகு ஒவ்வொரு போர்டிலும் "டிடிசிபி அப்ரூவ்டு", அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி பெற்றது என்பது கட்டாயம். அதன் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். ஆற்றங்கரைக் காற்று, வற்றாத நிலத்தடி நீர், கண்ணுக்கெட்டிய தூரம் பசுமை. இந்த மூன்றும் நெல் வயல் தந்தவை. வயலில் மாதக்கணக்கில் தண்ணீர் நின்று இறங்குவதால்தான் கிணற்றில் நீர்மட்டம் நிற்கிறது. வயலில் மண் கொட்டி உயர்த்தும்போது வாய்க்கால் தூர்ந்தால், அதற்குக் கீழே கடைமடையில் இருக்கிற வயலுக்குத் தண்ணீர் ஏறாது. வயலை விற்றவர்மீது எனக்குக் கோபமில்லை. மகளின் படிப்புக்கோ கடனுக்கோ விற்றிருப்பார். தண்ணீர் ஏறாத வயலையும் அடுத்த வருடம் யாரோ ஒருவர் விற்கத்தான் போகிறார், அதுதான் கவலை.

போன ஆனியில் ஆலங்குடிக்கு இந்தப் பக்கம் ஒரு மனைப்பிரிவைப் பார்க்க இறங்கினேன். மஞ்சள் கற்கள் நட்டிருந்தார்கள். வாய்க்கால் மதகின் சிமெண்டுச் சட்டம் மட்டும் புல்லுக்குள் தெரிந்தது. ஒட்டினாற்போல் ஒரு துண்டு வயலில் பெரியவர் ஒருவர் நாற்றங்காலுக்குச் சேறு கலக்கிக்கொண்டிருந்தார். விதை ஏடிடி 43. முந்தின நாள் ஊறவைத்து, அன்று காலை நீர் வடியப் பரப்பியிருந்தார். கீழே விரித்திருந்தது அந்த மனைப்பிரிவின் போன வருட ஃபிளெக்ஸ். விதை நெல்லுக்கு நடுவில் ஒரு செல்போன் எண்ணின் கடைசி நாலு இலக்கம் தெரிந்தது. அவர் குனிந்து, கையால் நெல்லை அதன் மேல் சமமாகத் தள்ளிவிட்டார்.